ஐந்து கட்டை வண்டு

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. மறுபடியும் சொல்கிறேன், சொந்தக் கையால். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் இப்போது அவர் வீட்டு வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். அதே செய்தித்தாளை அவருக்கு முன்னால் நான் படித்து முடித்துவிட்டேன்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள, போன மழைக்காலத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். நூலகத்து மாடியில் நடக்கிறது. லாரிகளுக்குப் பெயின்ட் அடித்த காலத்தில் எத்தனை எழுத்து எழுதியிருப்பேன், உனக்கே தெரியும். எல்லாம் முதலாளி சுண்ணக்கட்டியால் போட்டுக்கொடுத்ததைப் பார்த்து வரைந்தது. போன வாரம் ரயில் கேட்டில் ஒரு பழைய லாரி நின்றது. பின்பக்கம் என் எழுத்து. நின்று நிதானமாகப் படித்தேன். 'ஒலி எழுப்பவும்' என்று இருந்தது. நான் அது யாரோ சாமி பெயர் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் எங்கள் வகுப்புக்கு ஆண்டு விழா. ஒவ்வொருவரும் தெரிந்ததைச் செய்ய வேண்டும் என்றார் டீச்சர். நான் கிட்டார் வாசிக்கிறேன், என் தங்கச்சி பாடுவாள் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை எடுத்து ஆம்ப் பெட்டியில் சொருகினேன். நீ 'வண்டு, வண்டு' என்று திட்டுவாயே, அந்த ரீங்காரம் இப்போது வண்டுக் கூட்டமாகிவிட்டது. இன்னொரு கஷ்டம், என் வலது கட்டைவிரல். கணு வீங்கிக் கிடக்கிறது. கம்பியை அழுத்தி மீட்ட முடியவில்லை. தடவத்தான் முடிகிறது. தடவினால் என் சத்தத்தை வண்டு தின்றுவிடுகிறது.

செல்போன் கடைக்குப் பின்னால் ஒரு அம்மா ஆம்ப், கிட்டார் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறார். கம்பிக்கு அடியில் சோப்புத் துண்டு மாதிரி இரண்டு இருக்கிறதே, அதுதான் கம்பியின் ஆட்டத்தைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிறதாம். பிக்கப் என்று பெயர். அதை எடுத்துவிட்டு ஆக்டிவ் பிக்கப் போட்டால் வண்டும் போகும், மெல்லத் தடவினாலும் சத்தம் நிறைவாக வரும் என்கிறார். ஆனால் அதிலேயே பல வகை. ஒன்று கனத்த சத்தம், ஒன்று பளிச்சென்ற சத்தம். எதைப் போடுவது? உன் குரலுக்கு எது பொருந்தும்? எனக்கு ஒரே குழப்பம். நீதான் சொல்ல வேண்டும்.

போனில் கேட்டால் நீ 'சரி சரி' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன்
(கையெழுத்தும் நானே)


மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையதுதான், சந்தேகமில்லை. லாரி மேல் பார்த்த அதே கொம்பு, அதே சுழி. ஆனால் யாரோ சொல்லச் சொல்ல நீ வரைந்தாயோ என்று இரண்டு தடவை படித்தேன். செருப்பு விஷயம் வந்ததும் நம்பிவிட்டேன். அதை வேறு யாரும் கற்பனை செய்ய முடியாது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. மருமகளிடம் காட்டினேன். அவள் பிக்கப் என்றால் சரக்கு வண்டி என்று நினைத்து, இந்த வயதில் மாமா எதற்கு வண்டி வாங்குகிறார் என்று கேட்டாள்.

பாடுவதைப் பற்றி. அண்ணே, அது முடிந்துபோன விஷயம். டீச்சரிடம் சொல்லிவிடு.

நீ மறந்தது மாதிரி எழுதுகிறாய். எனக்கு மறக்கவில்லை. அந்த கிளப் ஹாலில் நம் குழுவின் கச்சேரி நடுவில் கரன்ட் போனது. திரும்ப விளக்கு எரிந்ததும் நான் தொடங்கினேன். எப்போதும்போல வாத்தியம் இல்லாமல், முதல் வரியைத் தனியாக. முடித்ததும் நீங்கள் எல்லாரும் வாசிப்பில் சேர்ந்துகொண்டீர்கள். சுருதியில் நான் ஒரு ஊரில், நீங்கள் ஒரு ஊரில். முன்வரிசையில் சிரித்தார்கள். கீபோர்டுக்காரர் மைக்கிலேயே "அக்கா, எங்க போறீங்க" என்று கேட்டார். அன்றோடு சுருதி பிடிக்கும் என் காது போய்விட்டது. போன காது திரும்பாது.

உன் கிட்டாருக்கு எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள். வண்டு ஒழிந்தால் சரி. கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு. டாக்டரைப் பார். அண்ணி இருந்திருந்தால் இந்நேரம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

உன் தங்கை


மார்ச் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத நான்கு நாள் ஆனது. விஷயம் அப்படி. கடைசி வரை பொறுமையாகப் படி.

முதலில் என் குழப்பத்தைக் கேள். ரிப்பேர்க்கார அம்மா இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று ஆக்டிவ் பிக்கப்பைப் பற்றி, ஒன்று பழைய வகையைப் பற்றி. இரண்டிலும் 'தெளிவான, உயிருள்ள ஒலி' என்று அதே வார்த்தை. படிக்கத் தெரியாத காலத்தில் ஒருவன் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். தாளுக்கு முகம் இல்லையே, என்ன செய்ய?

அவர் விளக்கினார். பிக்கப்புக்குள் காந்தமும், தலைமுடி மாதிரி செம்புக் கம்பிச் சுற்றும் இருக்கிறது. ஆக்டிவில் சுற்று குறைவு. அதனால் வெளி ரீங்காரத்தைப் பிடிப்பதும் குறைவு. கம்பியின் சத்தமும் குறைவாகத்தான் பிடிக்கும். அதைப் பெரிதாக்க உள்ளேயே ஒரு குட்டி ஆம்ப். குட்டி ஆம்புக்குச் சோறு போட ஒரு சதுர பாட்டரி. பாட்டரி வைக்கக் கிட்டாரின் முதுகில் குழி தோண்ட வேண்டும். வாசிக்காத நேரத்தில் வயரைப் பிடுங்கி வைக்க வேண்டும், சொருகியே விட்டால் பாட்டரி தீர்ந்துவிடும். சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ்களையும் மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ரெண்டு மாமியார ஒரே வீட்டுல வைக்கிற மாதிரி. வைக்கலாம், நான் தனித்தனி குமிழ் போட்டுத் தர்றேன். ஆனா நிம்மதி இருக்காது, பெரியவரே" என்றார்.

நம் டிரம்ஸ்காரனிடம் யோசனை கேட்டேன். அவனுக்கு இப்போது இரண்டு காதும் மந்தம். இருந்தாலும் கிட்டார் சத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். பாட்டரி போட்ட சத்தத்தில் உயிர் இருக்காதாம், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் நிற்குமாம். அவன் பேச்சைக் கேட்டுப் பழசே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். மறுநாள் கடையில் ஒரு ஆக்டிவ் கிட்டாரை மெல்லத் தடவிப் பார்த்தேன். என் கட்டைவிரலுக்கு இளமை திரும்பியது மாதிரி இருந்தது. முடிவு கவிழ்ந்தது.

இப்போதுதான் விஷயம்.

அந்தக் கடையிலேயே என் கிட்டாரைச் சொருகிக் கையை எடுத்தேன். கையை எடுத்தால் வண்டு கூடும், உனக்குத் தெரியும். இது எங்கிருந்து வருகிறது என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"கரன்ட்டுலேருந்து. கரன்ட்டு நொடிக்கு அம்பது தடவ ஆடுது. அந்த ஆட்டத்த இது புடிச்சுப் பாடுது. என்னைக்கும் ஒரே சுருதிதான்."

மூன்றாவது கம்பியைச் சும்மா மீட்டிப் பார்த்தேன். வண்டும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. ஐந்து கட்டை சுருதி. உன் கட்டை. நீ முதல் வரியைத் தொடங்கும்போது நான் எப்போதும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடுவேன் இல்லையா? அப்போதெல்லாம் வண்டு உனக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உனக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல்.

என்றைக்குமே மாறாதா என்று கேட்டேன்.

"ஜெனரேட்டர்ல ஓட்டுனா மாறும். அது மூச்சு வாங்குச்சுன்னா சுருதி எறங்கிடும்."

தங்கச்சி, அன்றைக்குக் கரன்ட் வரவில்லை. ஜெனரேட்டர்தான் ஓடியது. ஹாலுக்குப் பின்னால் கிழட்டு மாடு மாதிரி இருமிக்கொண்டு நின்றதே, எனக்கு நன்றாக ஞாபகம். வண்டு நாலு கட்டைக்கு இறங்கியிருக்கும். நீ வண்டைப் பிடித்தாய். நாங்கள் எங்கள் ஐந்திலேயே இருந்தோம். அவ்வளவுதான். உன் காது போகவே இல்லை. போனது ஜெனரேட்டர்.

கடையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உடனே பதில் போடு. எந்த ரயிலில் வருகிறாய் என்றும் எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ ரொம்ப சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

வாத்தியம் எடுத்துக் கொடுக்காமல் நேராகச் சுருதியில் நிற்பவள் என்று குழுவில் எல்லாரும் என்னைத்தான் பேசுவார்கள். என் பாட்டைவிட என் தொடக்கத்தைத்தான் பேசுவார்கள். "இவ சுருதியோட பொறந்தவ" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர் சொன்னது என்னை இல்லை போலிருக்கிறது. உன் கிட்டாரை.

எனக்கு ஒரு காது இருந்தது, ஒருநாள் போய்விட்டது என்று நினைத்து இத்தனை வருஷம் சமாதானமாக இருந்தேன். அது இருக்கவே இல்லை என்று இப்போது நீ எழுதுகிறாய்.

வெயில் அதிகமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. நல்ல சேதி சொன்னால் எதற்கு அழுகிறாய் என்று முதலில் புரியவில்லை. நீ அழுததாக எழுதவில்லை. ஆனால் 'உன் தங்கை' என்று போடாமல் 'தங்கை' என்று மட்டும் போட்டிருக்கிறாய். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

நான் எழுதியதையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். உன் காது போகவில்லை என்றுதான் எழுதினேன். அதற்குள் நீ சொல்வதும் இருக்கிறது. ஒரே வரிக்குள் இரண்டும் எப்படி இருந்தது? வாயால் சொல்லியிருந்தால் உன் முகம் மாறுவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

ஒன்று யோசித்தேன். ஆக்டிவ் வேண்டாம். பழைய பிக்கப்பே இருக்கட்டும். வண்டு இருக்கட்டும், நீ அதைப் பிடித்துக்கொள். என் விரல் எப்படியோ சமாளிக்கும், சத்தம் கேட்காவிட்டால் என்ன, உன் பாட்டைக் கேட்கத்தானே வருகிறார்கள். இதை ரிப்பேர்க்கார அம்மாவிடம் சொன்னேன். "நேத்து வரைக்கும் வண்டு போகணும்னீங்க, இன்னைக்கு வண்டு வேணும்ங்கிறீங்க" என்றார். டிரம்ஸ்காரனிடம் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை.

நீ சொல்வதுபோல் செய்கிறேன். சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

தபால்காரரை நான் கேட்பது அவருக்கே வெறுத்துப்போய்விட்டது. தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

என் கிட்டார் ரிப்பேர்க்கார அம்மாவின் கடையில் திறந்து கிடக்கிறது. கம்பி இல்லை, பிக்கப் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம், உள்ளே வயர் நான்கு நீட்டிக்கொண்டு. பழசைத் திரும்ப வைப்பதா, புதுசை வைப்பதா என்று அந்த அம்மா தினமும் கேட்கிறார். தினமும் நாளைக்கு என்கிறேன். அவர் கடையில் மற்ற வேலையெல்லாம் அதைச் சுற்றியே நடக்கிறது.

டீச்சர் விழா அழைப்பிதழை அச்சடித்துவிட்டார். 'அண்ணனும் தங்கையும்' என்று போட்டிருக்கிறது. அச்சில் அந்த வார்த்தையைப் படிக்க நன்றாக இருந்தது. சங்கடமாகவும் இருந்தது. என் தங்கச்சி வரமாட்டாள் என்று சொல்லப் போனேன், வேறு ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

நீ பாட வேண்டாம். வரவும் வேண்டாம். பதில் மட்டும் போடு. திட்டி எழுதினாலும் சரி. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்


மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு என் மேலேயே ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. குளிக்கும்போது ஒரு வரி முணுமுணுத்தால்கூட, இது நானா, இல்லை வேறு ஏதாவதா என்று நின்றுவிடுவேன்.

அடுப்படியில் வேலை செய்யும்போது நான் பாடுவேன், உனக்குத் தெரியும். மேடையில்தான் நிறுத்தினேன். உன் கடிதம் வந்த பிறகு ஒருநாள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அதுவும் ஐந்து கட்டை, அண்ணே. இத்தனை வருஷம் நான் ஃப்ரிட்ஜோடு கச்சேரி செய்துகொண்டிருந்திருக்கிறேன். உட்கார்ந்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மருமகள் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, ஃப்ரிட்ஜ் ரிப்பேரா" என்று கேட்டாள்.

போன வியாழக்கிழமை மதியம் கரன்ட் போனது. ஃப்ரிட்ஜ் நின்றது, ஃபேன் நின்றது, கீழே தண்ணீர் மோட்டார் நின்றது. வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. நான் அடுப்படியின் நடுவில் நின்றேன். பயந்துவிட்டேன். முதல் தடவை மேடை ஏறிய அன்றுகூட அப்படி இல்லை. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினேன். கிளப் ஹாலில் பாடிய அதே வரி.

அடுத்த அறையில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானே இருக்கு அத்தை, ஏன் நிறுத்திட்டீங்க" என்றாள். அவளுக்குச் சுருதி தெரியாது. ஆனாலும் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தேன். நடுவில் கரன்ட் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. நான் அதோடு சேரவில்லை, அண்ணே. அதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தேன். நாலு கட்டையும் இல்லை, ஐந்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ. உடனே மேலே ஏறிச் சேர்ந்துகொள்ளத் தோன்றியது. பழக்கம். ஏறவில்லை. நான் இருந்த இடத்திலேயே நின்று வரியை முடித்தேன்.

அப்பா சொன்னது சரியா தப்பா, எனக்கு இன்னமும் தெரியவில்லை. சுருதியோடு பிறந்தேனா என்று இனி யாரைக் கேட்பது? ஆனால் இது என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை.

எனக்காக நீ பழசை வைக்காதே. ஆக்டிவ் பிக்கப்பே போடு, இரண்டு பள்ளத்திலும். ஒரு வண்டுகூட இருக்கக் கூடாது. நான் தொடங்கும்போது எப்போதும்போல நீ கையை எடுத்துவிடு. எனக்கு ஒன்றும் கேட்கக் கூடாது.

நான் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது. அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

கனத்த சத்தம் வேண்டாம், பளிச்சென்றதே போடு. உன் பழைய சத்தம் அப்படித்தான் இருக்கும். இருபத்தெட்டாம் தேதி காலை ரயில்.

உன் தங்கை


மே 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

போட்டாகிவிட்டது. இரண்டு பள்ளத்திலும் பளிச்சென்றதுதான். ரிப்பேர்க்கார அம்மா முதுகில் குழி தோண்டும்போது என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். "ஆஸ்பத்திரி மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்காதீங்க, கை நடுங்குது" என்றார். பாட்டரியை நானே கடையில் பெயர் படித்து, தேதி படித்து வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகி, கையை எடுத்தேன். ஒன்றும் இல்லை. ஏதோ இணைப்பு விட்டுப்போய்விட்டது என்று நினைத்து வயரை ஆட்டினேன், பெட்டியைத் தட்டினேன், கடைக்குத் திரும்ப ஓடினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இதைத்தானே இத்தனை நாளாகக் கேட்டீர்கள் என்றார். வந்து மறுபடி கையை எடுத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளைத் திருப்புவது கேட்டது. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நீ இந்த அமைதிக்குள் தனியாக நடந்து வரப்போகிறாய்.

டிரம்ஸ்காரன் சொன்னதும் முழுப் பொய் இல்லை. சத்தம் கொஞ்சம் இஸ்திரி போட்டது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் என் கட்டைவிரல் சும்மா தொட்டாலே பேசுகிறது. எது நல்லது என்று இன்னமும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. இனி கேட்டும் பயனில்லை.

அன்றைக்கு ஹாலில் நீ நாலில் நின்றாய், நாங்கள் ஐந்தில் இருந்தோம். நாங்கள் இறங்கி வந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் இப்போது அந்தப் பாட்டை நாலு கட்டையில் பழகிவிட்டேன். நாலரையில், ஐந்தில், ஐந்தரையில். இரண்டுக்கும் நடுவில் எங்கோ என்று எழுதினாயே, அதற்குக் கம்பிகளையே கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். வருகிறது. அதற்குத்தான் நேரம் பிடிக்கும், நீ முதல் வரியைக் கொஞ்சம் இழுத்துப் பாடு.

நீ எங்கே போய் நிற்பாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நின்ற பிறகு நான் வருகிறேன்.

ரயிலடிக்கு வந்து நிற்பேன். எந்த நடைமேடை என்று யாரையும் கேட்க மாட்டேன், பலகையைப் படித்துக்கொள்வேன். கிட்டார் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. பாட்டரி தீர்ந்துவிடும் என்பதால் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டேன். நீ வந்து பக்கத்தில் நிற்கும்வரை அதைச் சொருக மாட்டேன்.

உன் அண்ணன்